வேலியோரத் தடம்

எங்கள் கொல்லையின் கீழ்ப்புற வேலியை ஒட்டி ஒரு தடம் இருந்தது. படலில் தொடங்கி மூங்கில் கொத்து வரை, என் காலுக்கு 46 எட்டு. ஒரு முழம் அகலம்தான் இருக்கும். புல் பூண்டு எதுவும் இல்லாமல், மண் மாவாகி, இரண்டு முனையிலும் உரல் பதித்து எடுத்த மாதிரி ஒரு பள்ளம். மாடு கன்று போய் வந்த பாதை இல்லை அது. ஒரே ஒரு குதிரை 18 நாளில் நடந்து நடந்து போட்டது.

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். இந்தப் பகுதியில் குதிரையை அவிழ்த்து விட இடம் தேடுவது எளிதில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை, அப்புறம் சம்பா, தை அறுப்பு முடிகிறபோதே உளுந்து பயறு. வருஷத்தில் பாதிக்குமேல் வயலெல்லாம் சேறு. மேடான திடலும் தோப்பும்தான் மிச்சம். எங்களுக்கு இருந்தது ஒரு தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 கஜா புயலில் அதில் பாதிக்குமேல் சாய்ந்துவிட்டது. அறுத்து அகற்றிய இடத்தில் அருகும் கோரையும் மண்டிக் கிடந்தன. செவலையை அங்கேதான் விட்டேன்.

செவலை என் மச்சினனின் குதிரை. பெண் குதிரை, 9 வயது. அவன் பந்தயக்காரன். காணும் பொங்கலன்று திருக்கடையூரில் நடக்கும் எல்கைப் பந்தயத்துக்கு வருஷம் தவறாமல் வண்டி கட்டுவான். அவன் கொட்டகையில் நான்கு குதிரைகள் வரிசையாக நிற்கும். செவலைக்கு இடது முன்னங்காலில் நரம்பு இழுத்துவிட்டது. கட்டினால் நொண்டியது. "இனிமே ஓட்டத்துக்கு ஆவாது அத்தான். விக்கவும் மனசு வரல. ஒங்ககிட்ட தோப்பு இருக்கு, சும்மா நிம்மதியா மேஞ்சிட்டு இருக்கட்டும்" என்றான். சித்திரையில் ஒரு டாட்டா ஏஸில் ஏற்றிக் கொண்டுவந்தோம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல நெடுநேரம் நிற்க வேண்டியதாயிற்று. அந்த நேரம் முழுக்க அது வந்த திசையைப் பார்த்துக் கனைத்துக்கொண்டே இருந்தது. வண்டிச் சத்தத்துக்கு மிரள்கிறது என்று நினைத்தேன்.

"நிம்மதியா மேஞ்சிட்டு இருக்கட்டும்" என்பதுதான் எங்கள் இருவர் மனதிலும் இருந்தது. அவிழ்த்துவிட்ட அன்று அது ஒரு வாய் புல் கடிக்கவில்லை. தோப்பை ஒருமுறை சுற்றி ஓடிவந்து, கீழ்ப்புற வேலியைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. படல் வரை போகும், ஒரே பக்கமாகத் திரும்பும், மூங்கில் கொத்து வரை போகும், திரும்பும். ஒரு நாள் காலை 7 மணியிலிருந்து 8 மணி வரை கிணற்றடியில் உட்கார்ந்து எண்ணினேன். 58 நடை. கழுத்திலும் தொடையிடுக்கிலும் சோப்பு நுரை போல வியர்வை வெள்ளையாகக் கட்டியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் பாரம் முழுவதும் அந்த நரம்பு இழுத்த காலில் விழுந்தது. ஓய்வுக்கென்று கொண்டுவந்த கால் அது.

ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பந்தயக் கொழுப்பு, இறங்கட்டும் என்றார் ஒருவர். சுழி பார்க்காமல் வாங்கிவிட்டீர்கள் என்றார் இன்னொருவர். நெற்றியைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முன்னங்கால் இரண்டுக்கும் தளை போட்டுவிட்டால் தானாக நிற்கும் என்று சொன்னவர், கயிற்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. காலைக் கட்டினால் நடை நிற்கும், நடக்க வைக்கிற காரணம் அப்படியே உள்ளேதானே இருக்கும்?

ஆனால் நான் செய்த மற்ற காரியங்களும் அதற்கு ஒன்றும் மேலானவை இல்லை. தடத்தின் நடுவில் இரண்டு தென்னந்துண்டுகளைப் போட்டேன். மூன்று நாள் தாண்டித் தாண்டி நடந்தது, அப்புறம் இரண்டடி உள்ளே தள்ளிப் புதிதாக ஒரு தடம் போட்டுக்கொண்டது. வேலி முள்கம்பி. மாட்டுக்காகப் போட்டது. ஒரு நாள் தோளில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறிக்கொண்டு வந்து நின்றது. அன்றே கம்பியை அறுத்தெறிந்துவிட்டுச் சவுக்குக் கழிகளை மூன்று வரிசையாகக் கட்டினோம். குதிரை வைத்திருக்கிற யாராக இருந்தாலும் இதை முதலில் செய்யுங்கள். குதிரையின் தோல் மெல்லியது. பயந்தால் அது நின்று யோசிக்காது, எதிரே கம்பி இருந்தாலும் பாய்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். அது நடப்பதைப் பார்த்துச் சகிக்க முடியாமல், ஊறவைத்த கொள்ளு வாளியோடு ஓடுவேன். வாளியைக் கண்டதும் நிற்கும், தின்னும், நானும் கொட்டகைக்கு அழைத்து வந்துவிடுவேன். இப்படியே இரண்டு வாரம். பதற்றமாக நடந்தால் வாளி வரும், ஆள் வருவான், கொட்டகைக்குப் போகலாம் என்று நானேதான் பழக்கிவிட்டிருக்கிறேன். அது எனக்குப் புரிய இன்னொருவர் வேண்டியிருந்தது.

காயத்துக்கு மருந்து போட வந்த கால்நடை மருத்துவர் அவர். வயது குறைவு, பேச்சும் குறைவு. காயத்தைக் கழுவிவிட்டு, பல்லைப் பார்த்து, சாணத்தை எடுத்துக்கொண்டு, அரைமணி நேரம் என்னோடு கிணற்றடியில் உட்கார்ந்து அதன் நடையைப் பார்த்தார். எத்தனை வேளை தீனி, தீனிக்கு நடுவில் எவ்வளவு நேரம் வாய் சும்மா இருக்கிறது, எப்போதெல்லாம் நடை கூடுகிறது என்று கேட்டார். கடைசியாக, "இது படுத்துப் பாத்திருக்கீங்களாண்ணே?" என்றார்.

பார்த்ததில்லை. குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அது பாதிதான் உண்மையாம். நின்றபடி கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு, நாம் கனவு காண்கிற அந்தத் தூக்கத்துக்கு, அது படுத்தாக வேண்டும். நாளுக்குக் கொஞ்ச நேரம் போதும், ஆனால் அந்தக் கொஞ்சம் இல்லாமல் முடியாது. படுத்துவிட்டால் எழுந்து ஓடச் சில நொடிகளாவது ஆகும் அல்லவா? அதனால் பயம் இல்லாத இடத்தில்தான் படுக்கும். கூட்டத்தில் மற்றவை படுத்திருக்க, ஒன்றாவது நின்று காவல் பார்க்கும். தனியாக நிற்கிற குதிரைக்கு அந்தக் காவலை யார் பார்ப்பது?

எங்கள் சிக்கல் என்னவென்று அன்றைக்குத்தான் விளங்கியது. நாங்கள் மாட்டுக்காரர்கள். மாட்டைக் கட்டுத்தறியில் கட்டி இரண்டு வேளை வைக்கோல் உதறிவிட்டால், அது படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். மாட்டின் முதல் வயிறு ஒரு குதிர். நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். குதிரைக்கு அந்தக் குதிரும் இல்லை, அசைபோடுதலும் இல்லை. அதன் இரைப்பை பத்துப் பதினைந்து லிட்டருக்குள்தான். வயிற்றில் புல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். சும்மா விட்டால் நாளில் 16 மணி நேரம் வரை வாயை அசைத்துக்கொண்டிருக்கிற பிராணி அது. நாங்கள் காலையில் கொள்ளும் தவிடும், மாலையில் கொள்ளும் தவிடும், நடுவே கொஞ்சம் வைக்கோல் என்று வைத்திருந்தோம். வெறும் வயிற்றில் அமிலம் ஊறிப் புண் வந்தால் குதிரை அமைதி இழக்கும் என்றார் மருத்துவர். வாந்தி எடுக்கக்கூட அதற்கு வழி கிடையாது.

தவிட்டைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும், நெல் விளையும் ஊரில் எல்லோரும் அதைத்தான் அள்ளிக் கொடுக்கிறார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. தொடர்ந்து கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும்; தாடை எலும்பு வீங்கி நொய்ந்துபோகும். மாட்டுக்கு நாம் நடுகிற கோ-4 புல்லும் குதிரைக்கு முழுத்தீனி ஆகாது. அதில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிவைத்துக்கொள்ளும். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அந்த ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும், குதிரை அப்படித் தப்பிக்க முடியாது. வெறும் வைக்கோலோ குடலில் அடைத்துக்கொண்டு வயிற்றுவலி கொண்டுவரும். இதெல்லாம் தெரியாமலே ஒரு குதிரையை அன்பாக வைத்துக்கொள்ள முடியும் என்று நான் நம்பியிருந்தேன்.

பழைய கதையும் இதுதான். பூம்புகாருக்குக் கப்பலில் குதிரை வந்து இறங்கிய நாடு இது. குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் கதை ஆவுடையார்கோயில் வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டியர் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை வருஷத்துக்குள் செத்துவிடுவதையும் எழுதிவைத்திருக்கிறார். சோற்றோடு இறைச்சியைச் சமைத்துப் போட்டார்கள் என்றும் சொல்கிறார். அதைப் படித்தபோது எனக்குச் செவலையின் தவிட்டுத் தொட்டிதான் கண்முன் வந்தது.

சரி, தீனியை மாற்றினோம். ஏறக்குறைய 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளைக்கு 25 கிலோ பச்சைப்புல்லாவது வேண்டும். வரப்பில் அருகம்புல் அறுக்க ஓர் அக்காவை வைத்தேன். அந்தப் புல்லை ஒரே இடத்தில் கொட்டாமல், வேலியை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, ஏழெட்டுச் சிறு குவியலாகத் தோப்பு முழுக்கப் போட்டோம். ஒன்றைத் தின்றுவிட்டு அடுத்ததைத் தேடிப் போக வேண்டும். ஒரு கட்டுப் புல்லைக் கயிற்று வலையில் அடைத்துக் குளம்பு சிக்காத உயரத்தில் தென்னையில் கட்டினோம். பிய்த்துப் பிய்த்துத் தின்ன நேரம் பிடிக்கும். வியர்வையில் போன உப்புக்கு ஒரு கட்டி இந்துப்பு. வெயில் காலத்தில் 30, 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும் என்பதால் தொட்டியை நிழலுக்கு மாற்றினோம்.

அவிழ்த்து விடுவதையும் மாற்றினேன். காலையில் முதலில் ஆற்றங்கரையில் அரைமணி நேரம் கையில் பிடித்து நடத்துவேன், அப்புறம்தான் தோப்பு. முதல் வாரம் 20 நிமிஷம் மட்டும், நானும் பக்கத்திலேயே ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு. நடை ஆரம்பித்தால் வாளியோடு ஓடக்கூடாது. அது ஒரு கணமாவது நின்று தலையைத் தாழ்த்தும்போதுதான் போய் அழைத்துவர வேண்டும். இதைக் கடைப்பிடிப்பது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. என்னைப் பார்த்துக் கனைக்கிறபோது காதில் விழாத மாதிரி மட்டை கிழித்துக்கொண்டிருப்பேன், நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனி பாதிக்குள் 58 நடை முப்பதாகக் குறைந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கோடியக்கரை போனோம். கடலில் முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, சரணாலயத்துப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். 1967-இல் வெளிமான்களுக்காக அறிவித்த சரணாலயம் அது. ஆனால் அங்கே குதிரைகளும் உண்டு. எப்போதோ மனிதர்கள் வளர்த்து விட்டவற்றின் வழியில் வந்து, இப்போது யாருக்கும் சொந்தமில்லாமல் வாழ்பவை. சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை.

ஏழு குதிரைகள் வெட்டவெளியில் மேய்ந்தன. மட்டக் குதிரைகள், பழுப்பும் செம்மையுமாக, வயிறு கொஞ்சம் பெருத்து. அவையும் நடந்துகொண்டேதான் இருந்தன, ஒரு நிமிஷம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஒரு வாய், இரண்டு எட்டு, ஒரு வாய், இரண்டு எட்டு. செவலையும் நாள் முழுக்க நடக்கிறது. ஆனால் இவற்றின் தலை எல்லாம் கீழே, புல்லில் இருந்தது. செவலையின் தலை மேலே, காது முன்னே, பார்வை எங்கோ தூரத்தில். கொஞ்சம் தள்ளி இரண்டு குதிரைகள் எதிரும் புதிருமாக நின்று, ஒன்றின் கழுத்தடி முதுகு மேட்டை மற்றொன்று பல்லால் மெல்லக் கடித்துச் சொறிந்துவிட்டுக்கொண்டிருந்தன. கண் பாதி மூடி, கீழுதடு தொங்கி. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. வீட்டில் கூப்பிட்டபோதுதான் நினைவு வந்தது. மச்சினன் கொட்டகையில் நான்கு குதிரைகளுக்கு நடுவே நின்றது செவலை. அதைப் பிரித்து இரண்டு ஏக்கர் தோப்பில் தன்னந்தனியே நிறுத்தி, நிம்மதி என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் தோப்புக்குக் கீழ்ப்புறம்தான் மச்சினன் ஊர்ப் பாதை. அந்த வழியாகத்தான் அதைக் கொண்டுவந்தோம்.

முதலில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கிவிட்டேன். இரண்டு நாள் முறைத்துவிட்டு, மூன்றாம் நாள் அதன் முதுகை முகர்ந்தது. அப்புறம் ஆடு எங்கே மேய்கிறதோ அதற்குப் பத்தடிக்குள் செவலை. நடை நன்றாகக் குறைந்தது. ஆனால் கழி இடுக்கில் நுழைந்து ஆடு அடுத்த கொல்லைக்குப் போய்விட்டால், பழையபடி படல் முதல் மூங்கில் வரை. ஒற்றைத் துணைமேல் அவ்வளவு பாரம்.

கும்பகோணத்தில் குதிரைவண்டி ஓட்டிய பெரியவர் ஒருவரைப் பற்றி மச்சினன் சொன்னான். வண்டி நின்று பல வருஷம் ஆகிவிட்டது. கல்யாணச் சாரட்டுக்கு விட்டுப் பிழைத்த கடைசிக் குதிரையை மட்டும் விற்காமல் வைத்திருந்தார். காயடித்த வெள்ளைக் குதிரை, 20 வயதுக்கு மேல். போய்ப் பார்த்து, செவலையின் நடையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே குதிரையின் பிடரியைச் சிக்கெடுத்தார். "அது வேலியப் பாத்து நடக்கல தம்பி. வேலிக்கு அந்தப் பக்கம் யாராச்சும் வர்றாங்களான்னு பாத்து நடக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இவனுக்கும் என்னய விட்டா யாரு இருக்கா? எனக்கும் முட்டி போச்சு. கூட்டிட்டுப் போங்க" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். மாதம் ஒருமுறை வந்து பார்ப்பேன், பஸ்ஸுக்கு மட்டும் கொடுங்கள் என்றார்.

உடனே ஒன்றாக விடவில்லை. குதிரை ஈ கடித்துப் பரவும் சர்ரா நோய் இருக்கிறதா என்று மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். சேதி நல்லபடியாக வந்தபிறகு, நடுவில் ஒரு சவுக்கு வேலி வைத்து ஐந்து நாள் இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தினோம். முதல் நாள் மூக்கோடு மூக்கு வைத்து மூச்சை ஊதிப் பார்த்தன. செவலை கீச்சென்று கத்தி முன்னங்காலால் தரையை அறைந்தது. வெள்ளையன் அசையவில்லை. எத்தனை கல்யாண மேளத்தைக் கேட்ட காது. ஆறாம் நாள் புல் குவியல்களைப் பத்தாக்கி, ஒன்றுக்கொன்று தூரமாகப் போட்டு, கழியை எடுத்துவிட்டேன். செவலை இரண்டு தடவை விரட்டியது, வெள்ளையன் விலகி அடுத்த குவியலுக்குப் போனது. சாயங்காலம் ஒரே குவியலில் இரண்டு தலையும் இருந்தன.

நடை அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். பழகிப்போன நடை, காரணம் போனபிறகும் உடம்பில் கொஞ்சம் தங்கிவிடுகிறது. தூரத்தில் வேறொரு குதிரை கனைத்தாலோ, புல் வர அரைமணி தாமதித்தாலோ, லாடம் அடிக்க வெள்ளையனை வெளியே கொண்டுபோனாலோ நான்கைந்து நடை நடக்கும். இப்போது நான் அதட்டுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. லாடக்காரர் வந்தால் இரண்டையும் சேர்த்தே வெளியே கொண்டுவருகிறோம்.

புரட்டாசியில் ஒரு நாள் விடியற்காலை, மடை திறந்துவிட்டுத் திரும்பும்போது தோப்புப் பக்கம் வந்தேன். பனி இறங்கியிருந்தது. செவலை நடுத் தோப்பில் நான்கு காலையும் நீட்டி, கழுத்தைத் தரையில் கிடத்திக் கிடந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி, பாதி வழியில் நின்றேன். விலா ஏறி இறங்கியது. மூக்கருகே இருந்த அருகு ஒவ்வொரு மூச்சுக்கும் சாய்ந்து நிமிர்ந்தது. பின்னங்குளம்பு ஒன்று, எங்கோ ஓடுகிற மாதிரி, இலேசாகத் துடித்தது. நாலடி தள்ளி வெள்ளையன் நின்றுகொண்டிருந்தது. காதை மட்டும் என் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி கீழ்ப்புற வேலிப் பக்கம் வைத்துக்கொண்டது. நான் அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.